நாற்பத்தேழாம் பாகத்துக் கதவு

மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒருவர் தன் வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று ஆசைப்படுவதில் சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை. அதற்கென்று படிவம் இருக்கிறது. படிவத்தை வாங்க ஒரு ஜன்னல், கொடுக்க ஒரு ஜன்னல், கொடுத்ததை மறந்துவிட்டு வீட்டுக்குப் போக ஒரு வாசல் என்று குடிநீர் வாரியம் எல்லா வசதியும் செய்து வைத்திருக்கிறது. பூட்டுக்காரர் முதல் இரண்டு வசதிகளை மட்டும் பயன்படுத்திக்கொண்டார். மூன்றாவதையும் பயன்படுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பூட்டுக்காரர் என்றால் பூட்டு விற்பவர் இல்லை. திறக்காத பூட்டைத் திறப்பவர், தொலைந்த சாவிக்கு மறுசாவி போடுபவர். இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. அவர் வீட்டுக்குத் தண்ணீர் தெருமுனைக் குழாயிலிருந்து வர வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரையும், மாலையில் ஒரு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும். அங்கிருந்து ஐம்பத்துநாலு படி, பதினோரு வாளி. தூக்குவது அவர் மனைவி. போன மழையில் படியில் வழுக்கி விழுந்ததில் அந்த அம்மாளுக்கு இடது முழங்கால் வீங்கி, அன்றிலிருந்து படிக்கு ஒரு முனகல் சேர்ந்துகொண்டது. அந்த முனகலைத் தினமும் படுக்கையில் இருந்தபடியே கேட்டுக் கேட்டு மனசு பொறுக்காமல்தான் பூட்டுக்காரர் விண்ணப்பம் போட்டார்.

புது இணைப்பு கொடுக்கத் தெருவைத் தோண்ட வேண்டும். ஆகவே விண்ணப்பம் கோப்பாகி இரண்டு பிரிவுகளைத் தாண்ட வேண்டும். குழாய் கொடுப்பது இணைப்புப் பிரிவு. அதன் கண்காணிப்பாளரை இணைப்பு மேடம் என்பார்கள். தெருவைத் தோண்ட அனுமதிப்பது தோண்டல் பிரிவு. அதன் கண்காணிப்பாளர் தோண்டல் சார். இருவரும் பதினோரு வருடமாக ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். ஒருவர் டப்பாவை இன்னொருவர் உரிமையோடு திறக்கும் அளவுக்குச் சிநேகம். பூட்டுக்காரர் விண்ணப்பம் கொடுத்த அதே வாரத்தில் அந்தச் சிநேகம் முறிந்தது.

முறித்தது ஒரு கதவு. வாரியத்தின் காத்திருப்புக் கூடத்தில், பொதுமக்கள் காத்திருப்பு நலத் திட்டத்தின் கீழ், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை அதில் ‘விடியாத மாளிகை’ ஓடும். முந்நூறு வயதான ஒரு ரத்தக் காட்டேரிக்கும், டாக்டருக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு நர்சுக்கும் இடையில் நடக்கும் கதை. ஐந்தாவது முறையாக மறுஒளிபரப்பு. பொதுமக்களின் நலத்தை நேரில் கண்காணிக்கும் பொருட்டு ஊழியர்கள் அனைவரும் அந்த அரை மணி நேரம் முன் பெஞ்சுகளில் அமர்ந்திருப்பார்கள். பொதுமக்கள் பின்னால் நின்றுகொள்வார்கள்.

அந்தத் தொடரில் ஒரு விதி உண்டு. வீட்டுக்குள் இருப்பவர் வாய்விட்டு அழைக்காமல் காட்டேரி வாசலைத் தாண்ட முடியாது. நாற்பத்தேழாம் பாகத்தில் மழை கொட்டுகிறது. காட்டேரி நர்ஸ் வீட்டு வாசலில் நிற்கிறான். கதவு மூடியிருக்கிறது. விளம்பரம் வருகிறது. விளம்பரம் முடிந்தால் காட்டேரி வீட்டுக் கூடத்துக்குள் நிற்கிறான். கதவைத் திறந்தது யார், அவனை அழைத்தது யார் என்பதைத் தொடர் கடைசிவரை சொல்லவில்லை. தேசத்தில் வேறு எத்தனையோ விஷயங்களை யாரும் சொல்லவில்லைதான். அவற்றுக்கெல்லாம் யாரும் சாப்பாட்டு மேசையைப் பிரித்துக்கொள்ளவில்லை.

நர்சே திறந்தாள் என்பது இணைப்பு மேடத்தின் கட்சி. முப்பதாம் பாகத்திலேயே அவள் மனசு டாக்டரை விட்டுப் போய்விட்டது, அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரியும், பெண்ணின் கண்ணைப் படிக்கத் தெரியாதவர்கள் தொடர் பார்க்கக் கூடாது என்றார். தோண்டல் சார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நர்ஸ் அப்படிப்பட்டவள் இல்லை, நாற்பத்தாறாம் பாகத்தோடு பழைய கதாசிரியர் விலகிவிட்டார், புதிதாக வந்தவருக்கு விதியே தெரியாது, கதவைத் திறக்க ஆள் வேண்டுமே என்ற யோசனைகூட இல்லாமல் காட்டேரியை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டார், இதை எழுத்து என்று சொல்வதே பாவம் என்றார். ஜன்னல் கிளார்க், தொடர் ரசிகர்களின் இணையக் குழுவில் எண்ணாயிரம் பேரில் ஒருவர், இதற்குப் பெயர் ‘கேரக்டர் கொலை’ என்று எடுத்துக் கொடுத்தார். அந்த வார்த்தை வந்தவுடன் மேடம் டப்பாவை மூடினார்.

மறுநாளிலிருந்து இரு பிரிவுகளுக்கும் பேச்சு இல்லை. அரசு விதிப்படி பேச்சு இல்லாத பிரிவுகள் கோப்பு மூலம் தொடர்பு கொள்ளலாம். இரண்டு பிரிவுக்கும் பொதுவாகப் போய்வரும் கோப்பு அப்போது ஒன்றே ஒன்றுதான் உயிரோடு இருந்தது. மற்ற விண்ணப்பதாரர்கள் எல்லோரும் மூன்றாவது வசதியைப் பயன்படுத்தி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

இணைப்பு மேடம் குறிப்புத் தாளில் எழுதினார்: “விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டது. தெருவின் அகலம் பன்னிரண்டு அடி எனக் காண்கிறது. தோண்டலுக்கு ஆட்சேபணை உண்டா எனத் தெரிவிக்கலாம். மேலும், நர்ஸ் கதவைத் தானே திறந்தாள் என்பது முப்பதாம் பாகத்தோடு சேர்த்துப் பார்க்கையில் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது என்பதும் பணிந்து தெரிவிக்கப்படுகிறது.”

தோண்டல் சார் அன்றே பதில் எழுதினார்: “தோண்டலுக்கு ஆட்சேபணை இல்லை. நர்ஸ் குறித்த கருத்துக்குக் கடும் ஆட்சேபணை உண்டு. கோப்பு திருப்பி அனுப்பப்படுகிறது.”

கணினிப் பதிவேட்டில் ஆட்சேபணைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. எதன் மேல் ஆட்சேபணை என்று கேட்க அதற்குத் தெரியாது. ‘உண்டு’ என்று பதிவானது. ஆட்சேபணை உள்ள கோப்பை ஆட்சேபணை தீரும்வரை முடிக்கக் கூடாது. இவ்வளவும் விதிப்படி சரியாகவே நடந்தது.

மூன்று வாரம் கழித்துப் பூட்டுக்காரர் வந்து ஜன்னலில் விசாரித்தார். கிளார்க் திரையைப் பார்த்துவிட்டு, ஆட்சேபணை இருக்கு என்றார். தெரு மேலயா, குழாய் மேலயா என்று பூட்டுக்காரர் கேட்டார்.

“நர்ஸ் மேல,” என்றார் கிளார்க்.

பூட்டுக்காரர் தன் குடும்பத்தில் நர்ஸ் யாரும் கிடையாது என்று சத்தியம் செய்தார். கிளார்க்குக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடத்தில் உட்காரவைத்து, தன் போனில் தொடரை முதல் பாகத்திலிருந்து போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு பூட்டுக்காரர் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வாரத்தில் மூன்று நாள் வாரியத்துக்கு வந்தார். வீட்டில் கேட்டால், கோப்பு நகருது என்பார். அது பொய்யில்லை. கோப்பு ஒரு நாளைக்கு இரண்டு தடவை நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அறுபது பக்கத்தைத் தாண்டி, அதற்கு இரண்டாம் தொகுதியும் போட்டாயிற்று.

கடைசியில் நாற்பத்தேழாம் பாகம் வந்தது. எல்லோரும் நர்சின் கண்ணைப் பார்த்த இடத்தில் பூட்டுக்காரர் கதவைப் பார்த்தார். தொழில் அப்படி. பார்த்தவர் அங்கேயே எழுந்து நின்றுவிட்டார். அது இரண்டு பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு. உள்ளே இருந்தாலும் சாவி இல்லாமல் திறக்காது. சாவியோ நாற்பத்தைந்தாம் பாகத்திலேயே டாக்டரின் கோட்டுப் பைக்குள் போய்விட்டது. ஆகவே நர்ஸ் திறந்திருக்கவே முடியாது.

இதைச் சொன்னால் சண்டை தீர்ந்துவிடும், சண்டை தீர்ந்தால் குழாய் வந்துவிடும் என்று அந்த மனிதர் நம்பினார். கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியும்விட்டார்.

விண்ணப்பதாரர் யாரையும் அதுவரை ஏறெடுத்துப் பார்த்திராத தோண்டல் சார் எழுந்து வந்து, பூட்டுக்காரரின் தோளில் கை போட்டுத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். நாற்காலி போட்டார். மின்விசிறியை இவர் பக்கம் திருப்பினார். இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் வீட்டு வாசலில் குந்தியும் குனிந்தும் வேலை பார்த்துவிட்டு, கதவு திறந்ததும் வாசலோடு அனுப்பப்பட்டவர் பூட்டுக்காரர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. சொன்னதை எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். ‘தொழில்நுட்ப வல்லுநர் கருத்து, இணைப்பு ஒன்று’ என்று அது கோப்பில் ஏறியது.

மேடம் சும்மா இருப்பாரா? வல்லுநருக்குப் பதினான்கு கேள்விகள் அனுப்பினார். பூட்டுக்காரர் பதினான்குக்கும் படம் போட்டுப் பதில் எழுதினார். அலுவலகம் இரண்டாகப் பிரிந்து, பூட்டுக் கட்சி, கண் கட்சி என்று தண்ணீர்ப் பானையைக்கூடத் தனித்தனியாக வைத்துக்கொண்டது. பெரிய இன்ஜினியர் கோப்பை வரவழைத்து, ஒரு வாரம் வைத்திருந்து படித்துவிட்டு, மேற்படி பூட்டின் இயக்கத்தை நேரில் கண்டறிதல் அவசியம் என எழுதினார். அதே வகைப் பூட்டு வல்லுநரின் வீட்டுக் கதவிலேயே இருந்ததால், அவர் இல்லத்தில் ஆய்வு நடத்த ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது.

குழு ஒரு வெயில் நேரத்தில் வந்தது. ஐம்பத்துநாலு படி ஏறி மூச்சு வாங்க, வந்தவுடன் எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள். பூட்டுக்காரரின் மனைவி கொடுத்தார். பெரிய இன்ஜினியர் மூன்று டம்ளர் குடித்தார். பூட்டைத் தொட்டுப் பார்த்ததில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டதால் ஐந்து பேரும் கை கழுவினார்கள். ஒருவர் முகமும் கழுவினார். இரண்டரை வாளி காலியாயிற்று. அந்த அம்மாள் காலி வாளியையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்க குழாயை எப்ப சார் பாப்பீங்க என்று கேட்டார்.

“அது வேற பொருள்மா. இன்னைக்கு ஆய்வு பூட்டைப் பத்தி மட்டும்தான்,” என்றார் பெரிய இன்ஜினியர், இன்னொரு டம்ளரை வாங்கிக்கொண்டே.

பூட்டுக்காரர் அப்போது கதவோரம் உட்கார்ந்து, பூட்டின் உள்பாகங்களைக் காகிதத்தில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி கேட்டது அவர் காதில் விழவில்லை.

ஆய்வுக்குப் பிறகு பெரிய இன்ஜினியருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. போகிற போக்கில் மேசையைச் சுத்தம் செய்ய நினைத்து பூட்டுக்காரரைக் கூப்பிட்டார். குழாய் உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்தது. பக்கத்தில் இன்னொரு தாள். பூட்டு உள்ளேயிருந்து சாவி இல்லாமலும் திறக்கும், முன்பு சொன்னது தவறு என்று அதில் ஒரே ஒரு வரி. கையெழுத்துப் போட்டால் வல்லுநர் கருத்து ரத்தாகும், சார் பக்க ஆட்சேபணைக்கு ஆதாரம் போகும், ஆட்சேபணை விழும், அடுத்த நிமிஷம் உத்தரவில் தன் கையெழுத்தும் விழும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

பூட்டுக்காரர் பேனாவை வாங்கினார். மனைவியின் முழங்கால் அவர் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. பேனா தாளைத் தொட்டும்விட்டது.

“சார், வேற எது வேணா எழுதித் தர்றேன். இது மட்டும் முடியாது. அது ரெண்டு பக்கச் சாவிப் பூட்டு சார்.”

“உங்களுக்குத் தண்ணி வேணுமா வேண்டாமா?”

“வேணும் சார். ஆனா அது ரெண்டு பக்கச் சாவிப் பூட்டு.”

வெளியே வந்தபோது பூட்டுக் கட்சியினர் அவருக்குக் கை கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய், தன் நேர்மையை மனைவியிடம் விவரித்தார். அந்த அம்மாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில், எட்டாவது வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டார். முடிந்ததும், நாளைக்கு நானும் வர்றேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அந்த அம்மாள் நேராக இணைப்பு மேடத்தின் அறைக்குள் நுழைந்து, அந்தக் கோப்பை எடுங்க, கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன் என்றார். கிழிக்க விதியில் இடமில்லை, படிக்க இடம் உண்டு என்று மேடம் மூன்று தொகுதிகளையும் எடுத்து வைத்தார். அம்மாள் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பத்து மணிக்குப் படிக்க ஆரம்பித்தார். பூட்டுக்காரர் பக்கத்தில் நின்று, தன் படங்கள் வரும் பக்கங்களில் விளக்கம் சொல்ல முயன்றார். அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அம்மாள் ஒரு மணிக்குள் படித்து முடித்துவிட்டு, அந்தக் கர்மத்தைக் காட்டுங்க என்று கிளார்க்கின் போனை வாங்கினார்.

நாற்பத்தேழாம் பாகத்தைப் பார்த்தார். கொஞ்சம் முன்னாடி போங்க என்றார். இதுக்கு முன்னாடி விளம்பரம்தான் என்றார் கிளார்க். அதுக்கும் முன்னாடி என்றார் அம்மாள். நாற்பத்தாறின் கடைசியில், யாரும் ஒருமுறைக்கு மேல் பார்க்காத ஒரு காட்சி வந்தது. நர்ஸ் முன்தோட்டத்துக் கிணற்றிலிருந்து அதே வாசல் கதவு வழியாக, ஏதோ கத்திக்கொண்டே வீட்டுக்குள் வருகிறாள்; டாக்டர் பேப்பர் படிக்கிறார். அவ்வளவுதான் அந்தக் காட்சி.

“இங்க நிறுத்துங்க. இவ கையில என்ன இருக்கு?”

“வாளிம்மா.”

“ரெண்டு கையிலயும் தளும்பத் தளும்ப வாளி. எந்தக் கையால பூட்டைப் பூட்டுவா? கதவை இடுப்பால தள்ளிவிட்டுட்டு வர்றா. அந்தக் கதவு பூட்டவே இல்ல.”

சத்தம் கேட்டுத் தோண்டல் சார் வெளியே வந்துவிட்டார். மேடமும் வந்துவிட்டார். பல நாளைக்குப் பிறகு இருவரும் ஒரே கூடத்தில் ஒரே திரையைப் பார்த்தார்கள். கதவு திறந்தே இருந்தாலும் அழைக்காமல் அவன் வர முடியாது, அது விதி என்று தோண்டல் சார் பணிவோடு நினைவூட்டினார்.

“அதான் கூப்பிடுறாளே சார். யாராவது வந்து இதைக் கொஞ்சம் வாங்கி வையுங்கன்னு கத்துறா பாருங்க. புருஷன் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கல. வாசல்ல நின்னவன் காதுல விழுந்துச்சு, வந்து வாங்கி வச்சான். அந்த வீட்டுல வாளியைத் தொட்ட ஆம்பளை அவன் ஒருத்தன்தான்.”

கிளார்க் திரையை மறுபடி நாற்பத்தேழாம் பாகத்துக்கு நகர்த்தினார். கூடத்துக்குள் நிற்கும் காட்டேரியின் காலடியில், ஐந்து மறுஒளிபரப்பிலும் எண்ணாயிரம் பேர் கண்ணிலும் படாத இரண்டு வாளிகள் இருந்தன.

பூட்டுக்காரர் தரையைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பூட்டைப் பிரித்தவர், பூட்டாத கதவுக்குப் பதினான்கு படம் வரைந்திருக்கிறார். அது வெட்கம்தான். அதைவிடப் பெரிய வெட்கம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காத அந்த டாக்டரைத் திரையில் பார்க்க முடியாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மனைவி அவரைத் திட்டியிருந்தால் தேவலை. அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மற்றவர்களுக்கு அன்று திருவிழாதான். மேடத்தின் கண்கள் நிறைந்தன. நர்ஸ் அழைத்தாள், ஆகவே மேடம் சொன்னது சரி. நர்ஸ் தப்பு நினைத்து அழைக்கவில்லை, ஆகவே சார் சொன்னதும் சரி. கதாசிரியருக்கு விதி தெரிந்தே இருந்திருக்கிறது, ஆகவே அவரும் மன்னிக்கப்பட்டார். தோண்டல் சார் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு மேடத்தின் மேசைக்கு வந்தார். கிளார்க் செய்தியை எண்ணாயிரம் பேருக்கும் அனுப்பினார். சாப்பாட்டை முடித்த கையோடு இரு கண்காணிப்பாளர்களும் சேர்ந்து கடைசிக் குறிப்பை எழுதினார்கள்: “விவாதப் பொருள் இரு பிரிவுகளும் ஏற்கும் வண்ணம் தீர்வுற்றது. ஆட்சேபணை ஏதும் நிலுவையில் இல்லை. ஆகவே கோப்பு முடித்து வைக்கப்படுகிறது.” இருவரும் கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, நூல் கட்டி, ஆவண அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அம்மாள் ஜன்னலுக்குப் போய், குழாய் எப்ப வரும் என்று கேட்டார்.

“கோப்புதான் முடிஞ்சுபோச்சேம்மா. முடிஞ்ச கோப்புல எதுவும் செய்ய முடியாது,” என்றார் கிளார்க். அவர் கண்ணிலும் நன்றிக் கண்ணீர் இருந்தது. “புதுசா ஒரு விண்ணப்பம் போடுங்க. உங்களுக்குன்னா நான் ஜன்னலுக்கு வெளியிலயே வந்து வாங்கிக்குவேன்.”

அந்தக் குடும்பத்துக்கு நடந்த அநியாயம் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று இந்தக் கதையைப் பேருந்தில், மருத்துவமனை வரிசையில், பத்திரிகை ஆபீஸில் என்று பல இடங்களில் சொல்லிப் பார்த்தாயிற்று. எல்லோரும் உச்சுக்கொட்டிக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் சிலர் நாற்பத்தெட்டாம் பாகம் எப்போது வரும் என்று விசாரித்தார்கள். சிலர் நர்ஸ் பேசாமல் அந்தக் காட்டேரியையே கட்டிக்கொண்டிருக்கலாம் என்றார்கள். அதை மறுத்துச் சிலர் சண்டைக்கு வந்தார்கள். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வந்ததா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.